அறுபத்தொரு பாஸ்வேர்டுகள்

8 ஜனவரி 2001, திங்கள்

சர்வர் ரூம் ஜன்னலை யாரோ மறுபடியும் திறந்து வைத்திருந்தார்கள். தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுத் தூசு முழுக்க டேப் டிரைவுக்குள். ஏ.சி. எதற்குப் போட்டிருக்கிறது என்று கேட்டால், காற்று வரட்டும் என்று திறந்தார்களாம். ஆறு வருஷமாக இதே பதில்தான். இந்த ஹைட்ராலிக்ஸ் கம்பெனியில் கரண்டில் ஓடுகிற எது நின்றாலும் 'ஐடாவைக் கூப்பிடு'. போன வாரம் கேன்டீன் கிரைண்டருக்குக் கூப்பிட்டார்கள். நான் சிஸ்டம்ஸ் ஆபீசர் என்று எத்தனை தடவை சொல்வது?

பெங்களூர் ஹெட் ஆபீசில் நெட்வொர்க்கெல்லாம் பார்த்துக்கொள்ளும் உதய் என்கிற பையன் ஒரு புரோகிராம் அனுப்பியிருந்தான். ஒவ்வொருவருடைய பாஸ்வேர்டும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சோதிக்கிற புரோகிராம். மத்தியானம் ஓட்டினேன். மொத்தம் அறுபத்தொரு பேர். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முப்பத்தெட்டு உடைந்து கிடந்தது.

முப்பத்தெட்டும் வெறும் எண்கள். நான்கு இலக்கம், ஐந்து இலக்கம். பிறந்த தேதி இல்லை, போன் நம்பர் இல்லை. மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். டிராயிங் செக்ஷன் சம்பங்கி அண்ணனின் பெயருக்கு நேரே 2112 என்று இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. அவருடைய அப்பாவின் டோக்கன் நம்பர்! எங்கள் அப்பா அவரைக் குறிப்பிடும்போதே 'ரெண்டாயிரத்து நூத்திப் பன்னெண்டு ஊட்டுப் பையன்' என்றுதான் சொல்வார்.

சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். மேலே வந்ததும் மாட்டுவார்கள். ஷிப்ட் முடிந்து ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அதனால் எந்த வீட்டில் எந்த நம்பர் என்று சுரங்கக் குடியிருப்பு லைன் முழுக்கத் தெரியும். என் கம்பெனியின் டிராயிங்கும் ஸ்டாக்கும் அந்த நம்பரை நம்பித்தான் பூட்டியிருக்கிறது. வீட்டைப் பூட்டி, சாவியைக் கதவுக்கு மேலேயே ஆணியடித்து மாட்டியிருக்கிறோம்.

9 ஜனவரி, செவ்வாய்

நேற்று எழுத வெட்கமாக இருந்தது. முப்பத்தெட்டில் ஒன்று என்னுடையது. அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு. ஊருக்குத்தான் உபதேசம்.

மாற்றிவிட்டேன். வீட்டுக்காரர் துரையிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "உங்கப்பா மேல இருந்து பாத்துக்கினு இருப்பாரு, போ" என்கிறார்.

12 ஜனவரி, வெள்ளி

கேன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். பாஸ்வேர்டு என்பது கையெழுத்து மாதிரி, இன்னொருவருக்குத் தரக் கூடாது, அப்பா நம்பர் வேண்டாம், இந்த ஊரில் அது ரகசியமே இல்லை என்று பொறுமையாகத்தான் சொன்னேன். சம்பங்கி அண்ணன் எழுந்தார்.

"இன்னாம்மா ஐடா, எங்கப்பன் நம்பரு இன்னா திருட்டு நம்பரா? முப்பது வருஷம் அந்த நம்பர்லதான் எங்க ஊட்டுல ஒல கொதிச்சுது."

கை தட்டல்! தொழிற்சங்கக் கூட்டமா இது? எல்லோரும் மாற்றுகிறோம் என்று தலையாட்டிவிட்டு என் மேஜை மேல் இருந்த பிஸ்கட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள்.

19 ஜனவரி, வெள்ளி

மறுபடி ஓட்டினேன். முப்பத்தாறு. குறைந்த இரண்டில் ஒன்று நான். இன்னொருவர் டிராயிங் செக்ஷன் அமலா. இருபத்து நான்கு வயது, சேர்ந்து எட்டு மாதம். இந்தக் கட்டடத்தில் நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஜீவன். மற்றவர்களில் ஐந்து பேர் மாற்றத்தான் செய்திருக்கிறார்கள், மாமனார் நம்பருக்கு. செவிடன் காதில் சங்கு ஊதினால் சங்குக்காவது பிரயோஜனம் உண்டு, மூச்சுப் பயிற்சி.

30 ஜனவரி, செவ்வாய்

ஹெட் ஆபீசிலிருந்து வந்த பாரம் நாளைக்குள் போக வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறாராம். பதினேழாவது கேள்வி: பாஸ்வேர்டுகள் உறுதியானவை, யாரும் பகிர்ந்துகொள்வதில்லை — ஆம் அல்லது இல்லை. நான் 'இல்லை' என்று போட்டு, ஜனவரி சோதனையின் பட்டியலையும் சேர்த்து மேனேஜர் கிருஷ்ணப்பாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏனம்மா இது? இல்லைன்னு போட்டா நாளைக்கே ஒரு டீம் அனுப்புவாங்க. ஆமான்னு போடு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. நீ மெதுவா எல்லாம் சரி பண்ணு."

ஆம் என்று போட்டேன். கீழே என் கையெழுத்து. பட்டியலை என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றாலும் போட்டது நான்தானே.

28 பிப்ரவரி, புதன்

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். துரை கடைசி ஷிப்டுக்குப் போனார், வந்தார், சட்டையைக் கழற்றி மாட்டினார், டி.வி. போட்டார். வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருபத்தோரு வருஷம் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை மேலும் கீழும் ஓட்டியவர். ரசம் வைத்தேன்.

இனி என் வேலைதான் இந்த வீட்டில் வேலை.

13 மார்ச், செவ்வாய்

தங்கவேலு மாமா போய்விட்டார். சங்கத்தின் பழைய செகரெட்டரி. எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் உள்ளே நுழைந்தது அவர் பேசியதால்தான். ஸ்கெலட்டன் லைனில் வீடு. பதினோரு மணிக்கு எடுத்தார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்குப் போகிறவனுக்கு கேட் பாஸ் கிடையாது, கார்டு பன்ச் கிடையாது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். 'சாவு ஊட்டுக்குப் போறவனக் கணக்கு எடுக்கறவன் மனுஷனா?' என்பார்கள். ஒவ்வொரு செக்ஷனிலும் ஒருவர் மட்டும் இருந்து எல்லோருடைய வேலையையும் எல்லோர் பெயரிலும் செய்துவிடுவார். இதற்குப் பெயர் 'டோக்கன் வுட்டுட்டுப் போறது'. அப்பாவின் காலத்தில் சுரங்கத்துக்குள் இருந்த பழக்கம், இப்போது கம்ப்யூட்டருக்கு வந்திருக்கிறது.

இன்று டிராயிங்கில் இருந்தது அமலா. ஒன்பது பேர் வேலை அவள் தலையில். அது போதாதென்று நானும். பதினொன்றரைக்கு சர்வரின் பேக்கப் டேப் மாற்ற வேண்டும், அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வேண்டும். துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, "கிழிச்சுப் போட்டுடு" என்றேன். கேன்டீனில் அப்படிப் பேசிய அதே ஐடா.

இடுகாட்டில் நல்ல வெயில். டேப் நினைவிலேயே நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சம்பங்கி அண்ணன் குழிக்குப் பக்கத்தில் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போடாமலே நின்றார். பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். அப்புறம் போட்டார்.

22 மார்ச், வியாழன்

பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.

மெஷின் ஷாப்பில் நாற்பத்திரண்டு சிலிண்டர் பாடி தப்பான அளவில் குடைந்திருக்கிறார்கள். எல்லாம் ஸ்கிராப். மெஷின்காரர்கள் மேல் தப்பு இல்லை, கையில் இருந்த டிராயிங்தான் பழசு. பிப்ரவரியில் திருத்திய புது டிராயிங் சர்வரில் இருக்கிறது. ஆனால் யாரோ அதற்கு மேலே பழைய டிராயிங்கை ஷாப்புக்கு ரிலீஸ் செய்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் வேறு.

உதய் போனில் கத்துகிறான். "மேடம், லாக் வேணும். ஒன் அவர்ல." எந்தக் கோப்பை, யார், எப்போது ரிலீஸ் செய்தார்கள் என்று சர்வர் எழுதி வைக்கிற பதிவு அது. நான்தான் போன வருஷம் சண்டை போட்டு வைக்க வைத்தேன். பெருமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பார்த்தாயா, என் லாக் எத்தனை உபயோகம் என்று. இருபது நிமிஷத்தில் எடுத்து அனுப்பிவிட்டேன்.

சம்பங்கி. 13 மார்ச். காலை 11:48.

அனுப்பிய பிறகுதான் தேதியைப் படித்தேன்.

23 மார்ச், வெள்ளி

சம்பங்கி அண்ணனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஏப்ரல் ஐந்தாம் தேதி விசாரணை. வேலையை விட்டே நீக்குவார்கள் என்று பேச்சு. ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது, முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்.

சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. நானே ஆரம்பித்தேன்.

"அண்ணா, அந்த நேரத்துல நீங்க இடுகாட்டுல இருந்தீங்க. நான் என் கண்ணால பார்த்தேன்."

"நான் ஃபேக்டரிக்குள்ள கீறேன்னு கேட்டும் சொல்லுது, உன் கம்ப்யூட்டரும் சொல்லுது. அப்பறம் இன்னாத்துக்கு நீ பாத்த?"

"உங்க பேர்ல யார் ரிலீஸ் பண்ணது?"

"என் பேர்ல நான்தாம்மா. வேற யாரு பண்ணுவாங்க?"

"வேலை போயிடும் அண்ணா!"

"போவட்டும். அன்னிக்கு வெளிய போனது முப்பது பேரு. வாயத் தொறந்தா முப்பது பேருக்கும் போவும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பொய் சொல்வதில் இந்த ஊருக்கு இருக்கிற ஒற்றுமை ஒரு பாஸ்வேர்டை மாற்றுவதில் இருந்திருக்கக் கூடாதா?

25 மார்ச், ஞாயிறு

சர்ச்சில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. வெளியே வரும்போது மெஷின் ஷாப் மரியகுழந்தை, "இன்னா போலீசம்மா, சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன்? கேட்டார்கள், கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷம்தான்.

28 மார்ச், புதன்

ஆறு மணிக்கு அமலா வீட்டுக்கு வந்தாள். துரை இருந்ததால் சமையலறைக்குள் வந்து, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றே சொன்னாள்.

"நான்தான் அக்கா. ஒம்போது பேர் வேல. ஒருத்தர் பேர்ல உள்ள போவேன், வெளிய வருவேன், அடுத்தவங்க பேர்ல போவேன். சம்பங்கியண்ணா பேர்ல போச்சொல்ல ரெண்டு ஃபைல் ஒரே பேர்ல இருந்துச்சு. மேல இருக்கறது புதுசுன்னு நெனச்சிட்டேன். அண்ணா இருந்தா ஒரு பார்வைல சொல்லி இருப்பாரு."

"அவர் நம்பர் யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? எல்லாருக்கும் தெரியுமே."

சஸ்பெண்ட் ஆன அன்றே ஒப்புக்கொள்ளப் போனாளாம். சம்பங்கி அண்ணன் தன் மனைவி தலைமேல் சத்தியம் வாங்கிவிட்டார். அமலாவின் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர், பிப்ரவரியோடு வீட்டில். தம்பி, தங்கை படிக்கிறார்கள். "நான் வாழ்ந்து முடிச்சவன், நீ இப்பதான் உள்ள வந்தவ" என்றாராம்.

"டேப் மாத்தினியே, அது சரியா வந்துதா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. "வந்துச்சு அக்கா. சீட்டக் கிழிச்சிட்டேன்" என்றாள்.

30 மார்ச், வெள்ளி

எல்லோர் மேலும் கோபம். என் மேலும்.

2 ஏப்ரல், திங்கள்

கிருஷ்ணப்பா கூப்பிட்டார். விசாரணையில் நான் சாட்சி. "லாக்கைப் படி. அஷ்டே, அவ்ளோதான். நேரம், பேரு, ஃபைலு. வேற ஒண்ணும் பேசாதே" என்றார். நான் எழுந்திருக்கும்போது, "ஜனவரி பாரத்துல உன் கையெழுத்து இருக்கு, கியாபகம் இருக்கட்டும்" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்களுடன் வேலை செய்வதுதான் பெரிய தொல்லை, அதிலும் நானே பயந்தவளாக இருக்கும்போது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் லாக்கை மட்டும் படித்தால் சம்பங்கி அண்ணனுக்கு வேலை போகும், அமலாவுக்கு ஒன்றும் ஆகாது, எனக்கும் ஒன்றும் ஆகாது. நான் பார்த்ததைச் சொன்னால் பாஸ் இல்லாமல் வெளியே போனது, பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்தது, பாரத்தில் பொய் எழுதியது என்று மூன்றும் என் தலையில். பெங்களூர் போட்ட விதிப்படி இதில் ஒன்று போதும் வெளியே அனுப்ப. விதியை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டியது யார்? நான்.

4 ஏப்ரல், புதன்

துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் சமையல் அவர்தான், எல்லாவற்றிலும் உப்பு கூட.

"நீ சொன்னா வேல போவுமா?"

"போகலாம்."

"ரெண்டு பேரும் ஊட்டுல உக்காந்துக்கினு இன்னா பண்றது?"

"அதைத்தான் கேட்கிறேன்."

இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். அப்புறம் அவர் பாட்டுக்குச் சொன்னார். "எம்பத்தி நாலுல ஒருத்தன் அவசரமா போவணும்னு தன் டோக்கன வேற ஆள் கிட்ட குடுத்து மாட்டச் சொல்லிட்டான். மனசு மாறி திரும்ப எறங்கிட்டான். அன்னிக்கு ராக் பர்ஸ்ட், கீழ பாற வெடிச்சி சரிஞ்சுது. போர்டுல டோக்கன் கீது, அவன் மேல வந்துட்டான்னு யாரும் தேடல. மறுநா காலைலதான் அவன் பொண்டாட்டி வந்து கேட்டா."

"இதை ஏன் இப்போ சொல்றீங்க?"

"சும்மா. கியாபகம் வந்துது." வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இந்த மனிதர் எப்போதும் இப்படித்தான், இப்படிச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

5 ஏப்ரல், வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கான்பரன்ஸ் ரூம். கிருஷ்ணப்பா, உதய், ஹெட் ஆபீசிலிருந்து பெர்சனல் ஆபீசர் ஒருவர். எதிரே சம்பங்கி அண்ணன், கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில். கதவுக்கு வெளியே டிராயிங் செக்ஷன் முழுக்க நின்றது.

பெர்சனல் ஆபீசர் என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நேரம், பேர், ஃபைல். "அதாவது இந்த டிராயிங்கை ரிலீஸ் செய்தது இவர்தான், சரியா?" என்று கேட்டார்.

"இவர் பேர்ல செய்திருக்காங்க சார். இவர் செய்தார்னு லாக் சொல்லலை" என்றேன்.

கிருஷ்ணப்பா பேனாவைக் கீழே வைத்தார்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. அந்த நேரத்தில் இவர் இடுகாட்டில் இருந்தார், நான் பார்த்தேன் என்றேன். நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்றார். நானும் அங்கே இருந்தேன் என்றேன். உங்கள் கார்டு உள்ளே என்று காட்டுகிறதே என்றார். "அதுதான் சார் சொல்றேன். கார்டும் பொய், லாக்கும் பொய். அன்னிக்கு என்னோட அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டே ஒரு துண்டுத் தாள்ல இருந்தது. எழுதிக் கொடுத்தது நான்." இழுப்பறையிலிருந்து எடுத்துப் போயிருந்த ஜனவரி பட்டியலை மேஜையில் வைத்தேன். பாரத்தில் ஆம் என்று எழுதியதும் நான்தான் என்றேன். யார் போடச் சொன்னார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. கையெழுத்து என்னுடையதுதானே.

உதய் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எல்லாம் நம்பரா இருக்கே மேடம். என்ன நம்பர் இது?" சம்பங்கி அண்ணன்தான் பதில் சொன்னார். "எங்க அப்பன்மாருங்க நம்பரு தம்பி."

"பாஸ்வேர்டை யாரிடம் கொடுத்தீர்கள்?" என்றார் பெர்சனல் ஆபீசர். சொல்ல மாட்டேன் என்றேன். அப்போது சம்பங்கி அண்ணன் எழுந்து, "சார், அந்தம்மாவ வுட்டுடுங்க. நான்தான் பண்ணேன், எழுதிக்கோங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம்! மூன்று ஆபீசர் முன்னால் இருப்பதை மறந்தே போனேன்.

"சும்மா இருங்கண்ணா! உங்க டோக்கன வேற ஆள் மாட்டினா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க கீழ கெடந்தாக்கூட யாரும் தேட மாட்டாங்க. இப்ப கெடக்கறீங்களே, யாரு தேடறாங்க?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது. அமலா. யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு நோட்டு. "சார், நான்தான். பதினொண்ணு நாப்பத்தெட்டு. பழைய ஃபைல் மேல இருந்துச்சு, தப்பா எடுத்துட்டேன். அன்னிக்கு யார் யார் பேர்ல என்னென்ன பண்ணேன்னு வரிசையா எழுதி வெச்சிருக்கேன்." நோட்டை உதய் முன்னால் வைத்தாள். சம்பங்கி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் பெயரைக் காப்பாற்ற நான் பட்ட பாடெல்லாம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. அந்த முட்டாள் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

உதய் அந்த நோட்டை என் லாக்கோடு வைத்து வரி வரியாகச் சரி பார்த்தான். முப்பத்தேழு பதிவு. எல்லாம் பொருந்தியது.

6 ஏப்ரல், வெள்ளி

ஒரு செய்தியும் இல்லை. டேப் மாற்றினேன்.

16 ஏப்ரல், திங்கள்

ஈஸ்டருக்கு மறுநாள் ஆர்டர் வந்தது. சம்பங்கி அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம், நாளை முதல் வேலைக்கு வரலாம். அமலாவுக்கும் எச்சரிக்கை. நான் சிஸ்டம்ஸ் ஆபீசர் இல்லை. இன்று முதல் டெஸ்பாட்ச் செக்ஷன். வேலையிலிருந்து நீக்கவில்லை என்பதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம். என் சர்வர் ரூமை யார் பார்ப்பார்கள் என்றால், ஆள் கிடைக்கும் வரை அமலா. உதய் சிபாரிசு. 'தான் செய்ததைத் தானே எழுதி வைத்த ஒரே ஆள்' என்றானாம்.

கேட்டில் புது நோட்டு வைத்திருக்கிறார்கள். சாவுக்குப் போனாலும் பெயர், நேரம், கையெழுத்து. அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார்கள். ஒருவர்கூட, சம்பங்கி வேலை பிழைத்ததே என்று சொல்லவில்லை. மரியகுழந்தை மட்டும் நின்றார். "தங்கவேலு மாமா கேட்டா கையெழுத்துப் போட்டிருப்பாரா?" என்று கேட்டுவிட்டு அவரே யோசித்து, "அவரு போட்டிருப்பாரு, சங்கத்துல அவருதான் நோட்டு வெச்சிருந்தாரு" என்று போய்விட்டார்.

சாவிக் கொத்தை அமலாவிடம் கொடுத்தேன். ஜன்னலைத் திறக்க விடாதே என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆறு வருஷம். ஒவ்வொரு கேபிளும் நான் இழுத்தது.

7 ஜூன், வியாழன்

டெஸ்பாட்சில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் லாரி வந்தால் தூசு. கூப்பிட்டால் அமலா வந்து துடைத்துக் கொடுக்கிறாள். துரைக்கு மாலூரில் ஒரு செங்கல் சூளையில் மோட்டார் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது, தினமும் ரயில். சமையல் மறுபடி என் கையில். உப்பு சரியாக இருக்கிறது, ஆனால் அவருக்குப் பத்தவில்லையாம்!

20 செப்டம்பர், வியாழன்

நிம்டா என்று ஒரு புது வைரஸ். செவ்வாய்க்கிழமை உலகம் முழுக்கப் புகுந்ததாம், நேற்று ஹெட் ஆபீசுக்குள்ளும். பெங்களூரில் இரண்டு நாளாக ஒரு மெயில்கூடப் போகவில்லை என்று கேள்வி. எங்களுக்கு வரவில்லை. நேற்றுக் காலையிலேயே அமலா நம் சர்வரை ஹெட் ஆபீசோடு இணைக்கிற போன் லைனைப் பிடுங்கிவிட்டாள். கிருஷ்ணப்பா கத்தியும் திரும்பப் போடவில்லை.

இன்று எல்லோரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். சர்க்குலர் அனுப்பவில்லை, கூட்டம் போடவில்லை, பிஸ்கட் இல்லை. கையில் பட்டியலோடு அறுபத்தொரு பேரிடமும் மேஜை மேஜையாக அவளே நடக்கிறாள். மூன்று மணிக்கு டெஸ்பாட்சுக்கு வந்தாள். சம்பங்கி அண்ணன் ஒரு டிராயிங் சுருளோடு ஏற்கெனவே என் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காலையிலேயே மாற்றியாயிற்றாம். "எட்டு எழுத்து கேக்குது ஐடா இவ. எனக்கு வயசு ஐம்பத்தாறு. ராத்திரி ஃபுல்லா மனப்பாடம் பண்ணணும் போல" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மாத்திடலாமா?" என்றாள். மாற்றுகிற இடத்தைத் திரையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். சம்பங்கி அண்ணனும் புலம்பலை நிறுத்திவிட்டு நாற்காலியோடு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

இந்தக் கம்பெனியில் இதற்கு முன் யாரும் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. உடனே விரல் ஓடவில்லை. அடித்தேன். தப்பு, மறுபடி அடித்தேன். அவள் நின்றபடியே நின்றாள்.

"முடிஞ்சுதா அக்கா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

முடிந்தது என்றேன்.